வடிகட்டவா, முன்னே தள்ளவா?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில் ஒரு நூலகப் பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, ஆசிரியர், மொழி, ஆண்டு என்று தனித்தனிப் புலங்கள். வாசகர் தன் விருப்பத்தைப் பதிந்து வைத்திருக்கிறார்: தமிழ், 2015-க்குப் பிறகு வந்தவை. இப்போது ‘கோழி வளர்ப்பு’ என்று தேடுகிறார். அந்த விருப்பத்தை க்வெரியில் (மென்பொருளுக்கு அனுப்பும் தேடல் கட்டளையில்) எங்கே வைப்பது?

ஃபில்டரில், அதாவது பொருந்தாததை வெளியே தள்ளும் பகுதியில், வைத்தால் வேலை சுலபம். முடிவுகளை வரிசைப்படுத்தும் மதிப்பெண் கணக்கே கிடையாது, உண்டு அல்லது இல்லை. அடிக்கடி வரும் ஃபில்டர்கள் கேஷிலும் (தற்காலிக நினைவகத்திலும்) தங்கும், அதனால் வேகம். ஆனால் 2014-ல் வந்த அருமையான கையேடு காணாமல் போய்விடும். அதைவிட மோசம், மொழிப் புலம் காலியாக விடப்பட்ட பதிவுகள். நான் பார்த்த ஒரு பட்டியலில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் பல அப்படித்தான் கிடந்தன. தமிழ் கேட்டவருக்குத் தமிழ் நூலே வரவில்லை!

ஷுட் (பொருந்தினால் நல்லது) பகுதியில் பூஸ்டோடு, அதாவது மதிப்பெண்ணைப் பெருக்கும் எண்ணோடு, வைத்தால் எதுவும் தொலையாது. தேடுசொல் மஸ்ட்டில் (கட்டாயம் பொருந்த வேண்டிய பகுதியில்) இருக்கும்வரை ஷுட் கட்டாயமில்லை. பொருந்தினால் மதிப்பெண் கூடும், அவ்வளவுதான். ஆண்டுக்கு காஸ் வளைவு (விலக விலக மதிப்பெண்ணைக் குறைக்கும் மணி வடிவக் கோடு) போட்டால் 2014 கொஞ்சம் பின்னே போகும், 1980 வெகுவாகப் பின்தங்கும். தலைவலி பூஸ்ட் எண்ணைப் பிடிப்பதில்தான். தேடுசொல் எவ்வளவு பொருந்துகிறது என்று கணக்கிடும் பிஎம்25 மதிப்பெண்ணுக்கு நிலையான உச்சவரம்பு இல்லை. ஒரு தேடலுக்கு 3 சரியாக இருக்கும், இன்னொன்றில் அதே 3 வரிசையையே புரட்டிப்போடும்.

இருந்தாலும் நான் ஷுட் பக்கம்தான். வாசகருக்குப் படிக்கவே தெரியாத மொழியை மட்டும் வெட்டுவேன், அதுவும் பொருந்துவதை நீக்கும் மஸ்ட்-நாட் பகுதியில். காலிப் புலங்கள் அதில் தப்பித்துக்கொள்ளும்.