குழாய் எரிவாயுவுக்கு ஜி1.6 மீட்டர்: போதுமா?

வீட்டுக்குத் தாராளம். மணிக்கு 2.5 கன மீட்டர் வரை அளக்கும். இரண்டு பர்னர் அடுப்பு அதில் பாதியைக்கூடத் தொடாது. கறுப்பு இலக்கங்கள் கன மீட்டர், சிவப்பு லிட்டர். பில்லுக்குக் கறுப்பு மட்டும்தான்.

குறை ஒன்று: வெப்பத் திருத்தம் இல்லாத ரகம் கன அளவை மட்டுமே பார்க்கும். 35 டிகிரி வெயிலில் விரிந்த வாயு, பில்லுக்கு அடிப்படையான 15 டிகிரி கணக்கைவிட மீட்டரில் 7 சதவீதம் கூடுதலாக ஓடும். குழாயில் உள்ள 21 மில்லிபார் அழுத்தம் வாயுவைச் சற்று இறுக்குவதால், அந்த ஏழில் இரண்டு சதவீதம் ஈடாகிவிடும். மிச்சம் நம் தலையில். வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.

கசிவுக்குச் சோதனை: அடுப்புக் குமிழ்களை மூடி, கால் மணி நேரம் சிவப்பு இலக்கத்தைக் கவனியுங்கள். நகர்ந்தால் மெயின் வால்வை அடைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுப்பில் சிலிண்டர் வாயுவுக்கான நாசிலையே (வாயு வெளிவரும் சிறு துளை முனை) மாற்றாமல் வைத்துக்கொண்டால் தீ சிறுத்துப்போகும், பழி மீட்டருக்கு!