ஹெட்போன் பாதுகாப்புப் பெட்டி என்று 4,850 ரூபாய்க்கு ஏமாந்தேன், சிற்றலை நண்பர்கள் கவனம்

நான்கு நாளாக என் இடது காதில் 'கீ' என்று ஒரே சத்தம். தூங்கும்போதும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன். 4,850 ரூபாய் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், காதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஹெட்போனில் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி கேட்பது என் இருபது வருடப் பழக்கம். கேட்கிறவர்களுக்குத் தெரியும், ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுத்தடுத்து நிற்கும். பக்கத்து நிலையம் பலமாக இருந்தால் அதே 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு விசில் காதைத் துளைக்கும். பேச்சு புரிய 3 கிலோஹெர்ட்ஸ் வரை போதும், அதற்கு மேல் வெட்டிவிட்டால் விசிலும் இரைச்சலும் அடங்கும். அதற்குத்தான் ஃபில்டர். இன்னொன்று ஐப்பசி மழை. தூரத்து நிலையத்துக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கும்போது பக்கத்தில் மின்னல் வெட்டினால் ஹெட்போனில் அது அடியாக விழும். அதைத் தடுக்க, சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் வெட்டிவிடும் ஒரு லிமிட்டர் வேண்டும். எனக்குக் கண் பார்வை முன்போல இல்லை, சோல்டரிங் செய்யக் கை வரவில்லை. அதனால் செய்து தருகிறவரைத் தேடினேன்.

பழைய பொருள் புதுப் பொருள் எல்லாம் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் ஆள் கிடைத்தார். அரை மணி நேரம் பேசினார். "சார், நானும் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவன்தான். 2017ல நிறுத்தினப்ப அழுதுட்டேன்" என்றார். நானும் அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். அலைக்காட்டியில் (ஆசிலாஸ்கோப்) ஒலி அலையின் தலை நறுக்கென்று வெட்டப்படுவதை வீடியோ எடுத்து அனுப்பினார். பாதிப் பணம் இப்போது, மீதி பொருள் வந்ததும் என்றேன். "நமக்குள்ள என்ன சார், உங்க காதுக்கு நான் பொறுப்பு" என்றார். 4,850 ரூபாயையும் அப்போதே யுபிஐயில் அனுப்பிவிட்டேன்.

பெட்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. 9 வோல்ட் பேட்டரி, இரண்டு குமிழ், 'லிமிட்டர்' என்று எழுதிய ஒரு சுவிட்ச். செவ்வாய் இரவு 31 மீட்டர் அலைவரிசையில் ஒரு மங்கலான நிலையத்தைப் பிடித்து லிமிட்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு மின்னல். காதுக்குள் வெடி வைத்த மாதிரி இருந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு எல்எம்386. அது ஒலியைப் பெருக்குகிற ஐசி, சும்மா விட்டாலே 20 மடங்கு பெருக்கும். ஃபில்டர் என்று அவர் சொன்னது, அந்த ஐசிக்கு வழக்கமாக வெளியீட்டில் போடுகிற 10 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சின்னக் கண்டென்சரும். சத்தத்தை வெட்ட வேண்டியது டயோடுதான்; போர்டில் அதற்கு இரண்டு இடம் அச்சிட்டிருக்கிறது, இரண்டும் காலி. லிமிட்டர் சுவிட்சில் ஒரு கம்பிகூட இல்லை! இரண்டு டயோடும் சேர்ந்து ஐந்து ரூபாய் ஆகாது. அதைப் போடக்கூட மனம் வராமல், ஒலியைக் கூட்டுகிற பெட்டியைப் பாதுகாப்பு என்று சொல்லி 4,850 ரூபாய்க்கு என் காதில் மாட்டிவிட்டிருக்கிறார்.

போன் செய்தேன். முதலில் "உங்க ரேடியோல கோளாறு சார்". அடுத்து "ஹெட்போன் லோக்கலா?". போட்டோ அனுப்பியதும் "பெட்டியைத் திறந்துட்டீங்க, இனி வாரண்டி கிடையாது". அப்புறம் நீல டிக் மட்டும் வந்தது. இப்போது அதுவும் இல்லை. தளத்தில் புகார் செய்தால், நாங்கள் விளம்பரம் மட்டுமே போடுகிறோம், பணம் வெளியே கொடுத்தது உங்கள் பொறுப்பு என்று மூன்று முறையும் அதே பதில். காது டாக்டர் இரண்டு வாரம் ஹெட்போனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

சர்க்யூட் வரைந்து விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இன்று முடியவில்லை, அவசரமாகச் சிலது மட்டும். முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். மூடிய பெட்டியை நம்பாதீர்கள், உள்ளே திறந்த படம் கேளுங்கள். மாட்டுவதற்கு முன் போனில் 1 கிலோஹெர்ட்ஸ், 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், 5ல் சத்தம் நன்றாகக் குறையாவிட்டால் அது ஃபில்டரே இல்லை. இந்தச் சோதனையை ஹெட்போனைக் காதில் வைக்காமல் மேஜையில் வைத்துச் செய்யுங்கள். லிமிட்டருக்கு 1என்4148 டயோடு இரண்டை எதிரெதிராகத் திருப்பி ஒலிக்கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் போட்டால் சுமார் 0.7 வோல்ட்டோடு நின்றுவிடும். குறைந்த வோல்ட்டிலேயே சத்தமாகக் கேட்கும் ஹெட்போனுக்கு அந்த 0.7 வோல்ட்டே அதிகம், அதனால் டயோடுக்கு முன்னால் ஒரு 100 ஓம், அதைத் தாண்டி ஹெட்போனுக்குப் போகும் வழியில் இன்னொரு 100 ஓம் கட்டாயம். ஸ்டீரியோ என்றால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட வேண்டும்.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் நுகர்வோர் உதவி எண் 1915க்கும் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி ஒரு பெட்டி உங்களிடம் இருந்தால், இன்று இரவு மாட்டாதீர்கள். முதலில் திறந்து டயோடு இருக்கிறதா என்று பாருங்கள்.