விபத்துக்குப் பிறகு: மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

கால் எலும்பு கூடிவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் பின்னால் ஹாரன் அடித்தால் உள்ளங்கை வியர்க்கிறது, ராத்திரியில் அதே கண்ணாடி உடையும் சத்தம். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் அது அதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சல் நோயாக (PTSD) இருக்கலாம்; மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் சொல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டு.

மாத்திரை சுலபம். செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள்தான் இதற்கும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஆரம்பத்தில் குமட்டல் வரலாம், பெரும்பாலும் தானே அடங்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது. (டயஸிபாம் போன்ற, பதற்றத்தைத் தணிக்கும் தூக்க மாத்திரை வகை வேறு கதை. பழக்கமாகிவிடும், இந்த நோய்க்கு ஏற்றதும் அல்ல.)

பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வது என்று நினைக்கிறார்கள். இல்லை. கண்ணை மூடி, விபத்தை இப்போது நடப்பதுபோல, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பிரேக் அடித்த நொடி, பெட்ரோல் வாடை உட்பட. பிறகு, தவிர்த்து வந்ததைப் படிப்படியாக: முதலில் நிற்கும் காரில் வெறுமனே உட்கார்வது, அப்புறம் தெருமுனை வரை. வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். முதல் வாரங்களில் கெட்ட கனவுகள் கூடலாம். சிலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

பயிற்சி பெற்றவர் கிடைத்தால் என் ஓட்டு பேச்சு சிகிச்சைக்குத்தான். பல மருத்துவ வழிகாட்டுதல்களும் அதையே முதலில் வைக்கின்றன. மாத்திரையை நிறுத்தினால் அறிகுறிகள் திரும்புவதுண்டு. மனச்சோர்வும் சேர்ந்து, உட்கார்ந்து பேசவே தெம்பில்லை என்றால் மாத்திரையில் தொடங்கலாம். இரண்டும் சேர்த்தும் கொடுப்பார்கள். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் ஒப்பீடெல்லாம் அப்புறம். உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.