எட்டு மைக்குக்கு இரண்டு பட்டன்

விலை இறங்கியதும் கேள்வி வர ஆரம்பித்துவிட்டது. "அந்த எட்டு மைக் பெட்டியை இப்ப வாங்கலாமா? பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாத்தையும் வீட்டுலயே தனித்தனி டிராக்கா எடுத்துடலாம்ல?" நண்பர் இப்படிக் கேட்ட அன்றுதான் பெட்டி சால்டர் வேலை முடிந்து மேசைக்குத் திரும்பியிருந்தது. எட்டு மைக்கின் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ் அது, நாலு வருஷம் புழங்கிய பொருள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுவது நல்லது, ஆறிவிட்டால் பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் ரேக் சைஸ் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்கள் பலவற்றிலும் இதே கதைதான். எட்டு பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சத்தத்தை ஏற்றிக் கொடுப்பது), 24 பிட், பின்னால் ஏடாட் (இன்னும் எட்டு சேனல் சேர்க்கும் ஒளிவடச் சாக்கெட்) என்பதெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். அதில் அச்சடிக்காமல் விட்டது ஒன்று உண்டு. முன்பக்கத்தில் 48 வோல்ட் ஃபேன்டம் பவருக்கு, அதாவது மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் கரண்டுக்கு, இரண்டே இரண்டு பட்டன். ஒன்று 1 முதல் 4 வரை, மற்றொன்று 5 முதல் 8 வரை. ஒரு மைக்குக்குக் கரண்ட் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் மூன்றுக்கும் சேர்த்தே போகும்.

கடையில் நிற்கும்போது இது ஒரு குறையாகவே தெரியாது. ஒரு சாதாரண செட்டை வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். பாட்டுக்கு ஒரு கண்டென்சர் (ஃபேன்டம் இல்லாமல் வேலை செய்யாத மைக் வகை), வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று. இடப்பக்கமான தொப்பிக்கு டைனமிக் (ஃபேன்டம் வேண்டாத வகை) போதும். வீணை இருந்தால் அதில் ஒட்டியிருக்கும் பிக்கப்புக்கு (அதிர்வை நேரே சிக்னலாக்குவது) ஒரு சேனல், எலக்ட்ரானிக் தம்புராவுக்கு ஒரு சேனல். மொத்தம் ஏழு, பெட்டியில் இருப்பது எட்டு. தாராளம் என்று தோன்றும். ஆனால் பிக்கப்புக்கு வேண்டிய இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீடு 1, 2 சேனல்களில் மட்டும்தான் இருக்கிறது. பீசோ வகைப் பிக்கப்புக்கு உள்ளீட்டின் மின்தடை 1 மெகாஓமாவது வேண்டும். சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் மந்தர ஸ்தாயி கரைந்துபோய், தகர டப்பாவைத் தட்டினாற்போல் மேல் சத்தம் மட்டும் வரும். ஆக வீணைக்கு 1. வரிசைப்படி செருகிக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் 2, 3, 4-இல் மூன்று கண்டென்சர்தான் அடங்கும். நாலாவது 5-க்குப் போகிறது. அந்த ஒரே ஒரு கடத்து மைக்குக்காக 5 முதல் 8 வரை முழுக்க 48 வோல்ட்.

"போனால் போகட்டும், டைனமிக் மைக் கெட்டுவிடுமா?" என்று கேட்பார்கள். கெடாது. 48 வோல்ட் ஆளுக்கொரு 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மைக் கனெக்டரின் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் சரிசமமாகப் போகிறது, திரும்பும் வழி 1-ஆம் பின். டைனமிக் மைக்கின் காயில் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருப்பதால், இரண்டு முனையிலும் ஒரே வோல்டேஜ். காயில் கரண்ட் ஓடாது. எஸ்எம் 57, 58 போன்ற டைனமிக் மைக்குகள் தம் பாட்டுக்கு வேலை செய்யும். வலி வேறு இடங்களில்.

முதலில், மைக் மாற்றுவது. ஃபேன்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேனான் பின்னை (எக்ஸ்எல்ஆர் எனும் மூன்று பின் மைக் கனெக்டர்) பிடுங்கவோ செருகவோ கூடாது. மூன்று பின்னும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. 2-க்கும் 3-க்கும் நடுவே ஒரு நொடிப்பொழுது முழு வித்தியாசமும் விழும், கெயின் (பிரீஆம்ப் சத்தத்தை ஏற்றும் அளவு) கூட்டியிருந்தால் அந்த 'டம்' நேரே ஹெட்ஃபோனில் போய் பாடகரின் காதில் அறையும். எனவே ஸ்பீக்கரை மியூட் செய்து, ஹெட்ஃபோனை இறக்கி, பட்டனை அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, மைக்கை மாற்றி, பட்டனைப் போட்டு, மறுபடி அரை நிமிஷம். ஒவ்வொரு சேனலுக்கும் தனிப் பட்டன் இருந்தால் இந்தச் சடங்கு ஒரு மைக்கோடு முடிந்துவிடும். இங்கே வயலின் மைக்கைக் கொஞ்சம் நல்லதாக மாற்றலாம் என்று கை வைத்தால் பாட்டு மைக்கும் மிருதங்க மைக்கும் கூடவே செத்துவிடுகின்றன. ராகம் சூடு பிடித்த நேரத்தில் இதைச் செய்து பாருங்கள், பாடகர் முகம் எப்படி மாறுகிறதென்று தெரியும்.

அடுத்தது தம்புரா. இதுதான் உண்மையிலேயே ஆபத்து. எலக்ட்ரானிக் தம்புராவின் அவுட்புட் சாதாரண பி-38 மோனோ (கால் அங்குல ஜாக்) அல்லது ஈபி பின் (இயர்ஃபோன் சைஸ்). ஆனால் கச்சேரி மேடைக்குப் போய்ப் பழகியவர்கள் ஒரு முனையில் பி-38, மறுமுனையில் கேனான் வைத்துச் செய்த கேபிளோடுதான் வருவார்கள். அந்தக் கேபிளில் 3-ஆம் பின்னை 1-உடன் சேர்த்துச் சால்டர் வைத்திருக்கும். அதை 6-இல் செருகி, கடத்துக்காக 5–8 பட்டனை அமுக்கினால் 48 வோல்ட் 2-ஆம் பின் வழியாக நேரே தம்புராவின் அவுட்புட்டுக்குள் போகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 16 அல்லது 25 வோல்ட் கெபாசிட்டர். உடனே புகை வராது. சுருதியின் மேல் மெல்ல ஒரு இரைச்சல் ஏறும், அவ்வளவுதான். இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று எர்த்தையும் லேப்டாப் சார்ஜரையும் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு எளிய வழி, கேனானைத் தொடாமல், கேனான், பி-38 இரண்டையும் ஏற்கும் காம்போ சாக்கெட்டின் நடு ஓட்டையில் பி-38-ஐச் செருகுவது. அங்கே ஃபேன்டம் வராது. கேபிள் நீளம் மூன்று மீட்டரைத் தாண்டினாலோ ஹம் வந்தாலோ ஒரு பாசிவ் டிஐ பாக்ஸ் (பி-38 சிக்னலை மைக் சிக்னலாக மாற்றிக் கேனானில் தரும் சின்னப் பெட்டி). உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் 48 வோல்ட் தாண்டாது, அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டால் ஹம்முக்குக் காரணமான எர்த் லூப்பும் அறுந்துவிடும். தம்புராவின் ஸ்பீக்கரை மட்டும் அறையில் பாட விடாதீர்கள். எல்லா மைக்கிலும் சுருதி புகுந்துவிட்டால் பிறகு ஒரு வரியை வெட்டி ஒட்ட முடியாது. ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள்.

கேனானிலேயேதான் செருகியாக வேண்டும் என்ற சாதனம் இருந்தால் (பழைய ரிப்பன் மைக், இன்னொரு மிக்ஸரின் அவுட்புட்) ஃபேன்டம் தடுப்பான் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். ஆண் கேனான் ஒன்று, பெண் கேனான் ஒன்று, 47 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் எலக்ட்ரோலிடிக் இரண்டு, 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே கடையில் எல்லாம் கிடைத்துவிடும். 1-ஆம் பின் நேரே போகட்டும். 2-இலும் 3-இலும் ஆளுக்கொரு கெபாசிட்டர், பிளஸ் முனை இன்டர்ஃபேஸ் பக்கம். சாதனம் இருக்கும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் ஒரு ரெசிஸ்டரை 1-ஆம் பின்னுக்கு இழுங்கள். 50 வோல்ட் கெபாசிட்டர் போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். தரநிலைப்படி ஃபேன்டம் 52 வோல்ட் வரை போகலாம். தடுப்பானைச் செருகிய பிறகுதான் பட்டனைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போது வரும் உதை தடுப்பானைத் தாண்டிவிடும்.

ஒரு பட்டன் விஷயத்துக்கு இவ்வளவு சால்டரா என்றால், ஆமாம். ஆறு பட்டனை மிச்சம் பிடித்தது கம்பெனி, ஈயம் வாங்குவது நாம்.

இனி ரிப்பேர். ரெக்கார்டிங் நடுவில் நின்றுபோகும், சாஃப்ட்வேர் 'டிவைஸ் காணவில்லை' என்று சொல்லும். எல்லோரும் முதலில் டிரைவரைத் திட்டுவார்கள், பிறகு யுஎஸ்பி கேபிளை மாற்றுவார்கள். பெட்டியின் பின்னால் அடாப்டர் வயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். முன்பக்க விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தால் குற்றவாளி டிசி சாக்கெட்தான். அடாப்டர் வயர் தொங்கித் தொங்கி, போர்டில் நடுப்பின்னைச் சுற்றிய ஈயத்தில் மயிரிழை வளையம் போல் விரிசல் விட்டிருக்கும். 'போர்டு மாத்தணும் சார்' என்றால் நம்பாதீர்கள். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் பத்து நிமிஷ வேலை. பிறகு வயரை ரேக்கின் பின்கம்பியில் டை போட்டுக் கட்டிவிடுங்கள், சாக்கெட் மேல் எடை விழக் கூடாது.

அடாப்டர் மாற்றினால் வோல்டேஜும் பின்னின் துருவமும் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டரைப் போட்டாலும் பெட்டியில் விளக்கு எரியும், பாடும். இரண்டு ஃபேன்டம் பட்டனையும் போட்டதும்தான் மயங்கி விழும். ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் வரை இழுக்கலாம். எட்டு மைக் இழுத்தால் 48 வோல்ட்டில் 3.84 வாட், அது போக உள்ளே வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட்டின் நஷ்டம் வேறு. ரிப்பேருக்குப் பிறகு மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு சேனலிலும் 1-க்கும் 2-க்கும், 1-க்கும் 3-க்கும் அளந்து பாருங்கள். 44-இலிருந்து 52-க்குள் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் சேனலில் கரகரப்பு வரலாம்.

திட்டியது போதும். எதிர்பார்க்காமல் பிடித்துப்போனவையும் இரண்டு உண்டு.

ஒன்று, தனித்தனி மிக்ஸ் கொடுக்கக்கூடிய இரண்டு ஹெட்ஃபோன் சாக்கெட். பாடுபவருக்குச் சுருதி தூக்கலாக வேண்டும், மிருதங்கக்காரருக்குச் சுருதி பொருட்டே இல்லை, பாட்டு கேட்டால் போதும். பெட்டிக்குள்ளேயே மிக்ஸர் இருப்பதால் சத்தம் கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தவணையில் எடுத்துக்கொள்ளும் சாம்பிள் எண்ணிக்கை) 256-இல் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே 5.3 மில்லிசெகண்ட், போய் வர அதற்கு இரண்டு மடங்குக்கு மேல். துரித காலத்தில் கோர்வை வாசிப்பவருக்கு அது உறுத்தும். உள் மிக்ஸரில் உறுத்தல் இல்லை.

இன்னொன்று ஏடாட். பெயரே 1992-இல் கடைக்கு வந்த எட்டு டிராக் டேப் ரெக்கார்டருடையது, எஸ்விஎச்எஸ் வீடியோ கேசட்டில் பதியும். அந்த மெஷின் காலாவதியானாலும் அதன் ஒளிவடச் சாக்கெட் மட்டும் தங்கிவிட்டது. வாங்கும்போது அது எதற்கென்றே தோன்றாது. பிறகு ஒரு செகண்ட் ஹேண்ட் எட்டு சேனல் பிரீஆம்பை ஒரே ஒளிவடத்தில் சேர்த்தால் மொத்தம் 16 மைக். 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் எட்டு சேனல், 96-க்குப் போனால் நாலாகிவிடும். ஒரு பெட்டி மட்டுமே கிளாக் மாஸ்டர் (டிஜிட்டல் தாளம் போடுவது), மற்றது அதைப் பின்தொடர வேண்டும். இரண்டுமே மாஸ்டர் என்று விட்டால் சில நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்கும், அதைக் கடத்தின் விரல்சத்தம் என்று நினைத்து ஏமாறுவோம்.

பிரீஆம்பின் சுத்தத்தில் குறை சொல்ல இல்லை. கெயின் திருகு மட்டும் முக்கால்வாசி வரை சோம்பேறியாக ஏறி, கடைசி நூலிழையில் பாய்கிறது. பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். மிருதங்கம் ஒத்திகையில் வாசிப்பது வேறு, தனி ஆவர்த்தனத்தில் வாசிப்பது வேறு. வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனி மைக் வைத்தால் ஒன்றின் போலாரிட்டியை (சிக்னலின் பிளஸ், மைனஸ் திசையை) திருப்பிப் போட்டு, மோனோவில் கேட்டு, எதில் தொப்பியின் கும்காரம் நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்குத் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வாசிக்கப் போகிறார்கள்? தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்காகச் சேர்ப்பவருக்கு இரண்டு மைக் பெட்டி போதும், மிச்சக் காசில் நல்ல மைக் ஒன்று வாங்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நாலு பேரை உட்கார வைத்தால் டிராக் தனித்தனியாக இருக்கும், சத்தம் தனித்தனியாக இருக்காது. வயலின் மைக்கில் பாதி மிருதங்கம்தான் இருக்கும். டிஸ்க்கும் பாருங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், எட்டு டிராக் என்றால் நிமிஷத்துக்கு 69 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்கு மேல். ஃபேன், ஏசி இரண்டையும் அணைத்துவிட்டு எடுங்கள், சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள், லேப்டாப்பை பேட்டரியில் விடுங்கள். இவை எந்தப் பெட்டிக்கும் பொது.

சரி, வாங்கலாமா? காசுக்குத் தக்க சுத்தமான சத்தம், நாலு வருஷத்தில் ஒரே ஒரு சால்டர், ஏடாட் வழி இருக்கிறது. இவ்வளவும் சொன்ன பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இன்னும் கொஞ்சம் சேர்த்து, சேனலுக்கொரு 48 வோல்ட் இருப்பதாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இந்தப் பெட்டி இங்கேயே இருக்கும், விற்கிற எண்ணம் இல்லை. 5–8 பட்டன் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, அதில் வெள்ளை மையில் 'தம்புராவைப் பிடுங்கியாச்சா?' என்று எழுதி.