டோக்கியோவில் முதல் சில இரவுகள்: உயெனோவா, ஷின்ஜுக்குவா?

முதன்முறையாக டோக்கியோவுக்குச் செல்பவர்களில் பலர் ஷின்ஜுக்குவில்தான் விடுதி தேடுகிறார்கள். நகரின் எல்லாப் பக்கங்களுக்கும் அங்கிருந்து ரயில் உண்டு என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நரிடா விமான நிலையத்தில் இறங்குபவர்கள் முதல் இரண்டு மூன்று இரவுகளை உயெனோவில் கழிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நரிடா நகரத்துக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து கெய்செய் ஸ்கைலைனர் ரயில் சுமார் 45 நிமிடங்களில் உயெனோவை அடைந்துவிடும். எல்லா இருக்கைகளும் முன்பதிவு என்பதால் நின்றுகொண்டு வர நேராது. நகரின் மேற்கில் இருக்கும் ஷின்ஜுக்குவுக்கு நரிடா எக்ஸ்பிரஸ் நேராகச் சென்றாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. உலகிலேயே மிக அதிகமான பயணிகள் வந்துபோகும் ரயில் நிலையம் ஷின்ஜுக்கு. நாளொன்றுக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் புழங்கும் அந்த நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாயில்கள் உள்ளன. கிழக்கு வாயிலில் வெளியேற வேண்டியவர் மேற்கில் வெளியேறிவிட்டால், இரவெல்லாம் விமானத்தில் விழித்திருந்த களைப்போடும் பெட்டிகளோடும், குழந்தைகளும் முதியவர்களும் உடனிருந்தால் அவர்களோடும், மறுபக்கத்துக்கு நெடுந்தூரம் சுற்றி வர வேண்டியிருக்கும். கெய்செய் உயெனோ நிலையமோ சிறியது. வெளியே வந்தால் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது.

அந்தப் பூங்காதான் உயெனோவின் பெரும் பலம். டோக்கியோ தேசிய அருங்காட்சியகமும், 1882-இல் திறக்கப்பட்ட விலங்குக்காட்சிச்சாலையும், லெ கொர்பூசியே வடிவமைத்த மேற்கத்தியக் கலை அருங்காட்சியகமும் அதற்குள்ளேயே அடங்கியிருப்பதால், முதல் நாளில் ரயில் ஏறாமலேயே ஒரு பகலை நிறைவாகக் கழிக்கலாம். மறுநாள், 1927-இல் தொடங்கப்பட்ட கின்ஸா சுரங்க ரயில் தடத்தில் ஏறினால் சில நிமிடங்களில் அசகுசாவின் சென்சோஜி கோயில். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் ஓடிய பாதை அது. சைவ உணவு உண்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: நகை, ரத்தின வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் இந்தியர்களால் பக்கத்திலுள்ள ஒக்காச்சிமாச்சியில் இந்தியச் சைவ உணவகங்கள் இருக்கின்றன. சைவம் போலத் தோன்றும் ஜப்பானியச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருப்பது வழக்கம் என்பதால் இது சிறிய விஷயமல்ல.

ஷின்ஜுக்கு முந்துவது இரவு வாழ்க்கையில். ஜப்பான் நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே நள்ளிரவு ஆகும்போது நம் உடலுக்கு இரவு எட்டரைதான். தூக்கம் வராத அந்த நேரத்தில் உயெனோவில் பல கடைகள் அடைத்திருக்கும். ஷின்ஜுக்குவில் தெருக்கள் விழித்திருக்கும். இளைஞர்கள் இதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுக்க மாட்டேன். டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவில் இறங்குபவர்களுக்கும் கணக்கு மாறும்: அங்கிருந்து ஷின்ஜுக்குவுக்கு நேரடிப் பேருந்து உண்டு, ரயில் நிலையத்துக்குள் அலைய வேண்டியதில்லை.

உயெனோவில் தங்குவதால் ஷின்ஜுக்குவை இழந்துவிடுவதும் இல்லை. யமனோதே வட்டத் தடத்தில் இரண்டுக்கும் இடையே சுமார் 25 நிமிடப் பயணம்தான். ஃபுஜி மலையடிவாரத்துக்கான பேருந்துகள் ஷின்ஜுக்குவிலிருந்தே புறப்படுவதால், மலையைப் பார்க்கத் திட்டமிடுபவர்கள் நகரம் பழகிய பிறகு கடைசி இரவுகளுக்கு அங்கே இடம் மாறிக்கொள்ளலாம்.