பிங்க் புத்தகமா, போனா: தோட்டத்துக் கர்ப்பிணிக்கு எது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சிக்கு ஏழாம் மாதம். கைப்பையில் பரிசோதனை விவரங்களை எழுதிவைக்க அரசாங்க கிளினிக் கொடுத்த பிங்க் புத்தகம், போனில் கர்ப்பகால ஆப் ஒன்று. எது உபயோகம் என்று வீட்டில் தினமும் பட்டிமன்றம்.

ஆப்பை முதலில் முடித்துவிடலாம். நான்காம் மாதத்தில் "இந்த வாரம் குழந்தை அவகாடோ அளவு" என்றது, அதுவும் ஆங்கிலத்தில். மாங்காய் என்றாலாவது அம்மாவுக்கும் புரியும். செம்பனைக்குள் போனால் லைன் இல்லை. டேட்டா தீர்ந்தால் அடுத்த சம்பளம் வரை ஆப் ஊமை. மலேசிய அரசின் மைசெஜாத்ரா ஆப் வேறு ரகம். 2020இல் கோவிட்டுக்கு வந்தது, இப்போது அரசு கிளினிக்குக்கு நாள் குறிக்கலாம்.

ஆப் இல்லாமல் குறுஞ்செய்தியிலேயே கர்ப்பிணிக்குத் தகவல் அனுப்புவதற்கு நல்ல உதாரணம், தென்னாப்பிரிக்காவில் 2014இல் வந்த மாம்கனெக்ட். சாதாரண போனே போதும். தாய் திருப்பிக் கேள்வி கேட்கலாம், கிளினிக்கைப் பற்றிப் புகாரும் சொல்லலாம். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் படிக்கத் தெரியவேண்டும். இந்தியாவின் கில்காரியில் அந்தத் தொல்லை இல்லை: நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது வரை வாரம் ஒரு குரல் அழைப்பு, மொத்தம் 72. இங்கே அப்படி வந்தால் வீட்டுக்காரர் குலை வெட்டும்போதுதான் மணியடிக்கும், போன் அவர் சட்டைப்பையில். (அவரும் கேட்கட்டுமே.)

அப்புறம் பிங்க் புத்தகம். அட்டையில் ஆபத்துக்கேற்ற வண்ண ஸ்டிக்கர்: வெள்ளை என்றால் மிஸ்ஸியே (கிளினிக் நர்ஸ்) பார்ப்பார், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் நிபுணர், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. தங்கச்சிக்குப் பச்சை. உள்ளே குழந்தை அசைவுக்குக் கட்டம் போட்ட பக்கம் ஒன்று. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து, ஒவ்வொரு உதைக்கும் ஒரு கோடு. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்து வராவிட்டால் காத்திருக்காமல் கிளம்பவேண்டும். பேனாவை நூலால் புத்தகத்திலேயே கட்டிவைத்திருக்கிறாள். நடுராத்திரி தலைவலி, கண் மங்கல் என்று ஈப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், முன்பின் தெரியாத டாக்டர் புரட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தம் எந்த மாதம் கூடி 140/90ஐத் தொட்டது என்று தெரிந்துவிடும். இதற்குச் சார்ஜ் வேண்டாம்.

ஆனால் புத்தகம் கூப்பிடாது. போன மாதம் கிளினிக் தேதி மாறியது. மலாயில் வந்த வாட்ஸ்அப் மாப்பிள்ளை போனிலேயே இரண்டு நாள் கிடந்தது. என் ஓட்டு புத்தகத்துக்கும், தமிழில் பேசும் ஒரு அழைப்புக்கும். அப்படி ஒன்று வரும்வரை, அட்டையின் உள்பக்கம் மிஸ்ஸியின் நம்பரைப் பெரிதாக எழுதிவைத்தாயிற்று. பக்கத்து வீட்டு அக்கா போனிலும் ஏற்றியாயிற்று.