மொட்டை மாடித் தக்காளி கிட்: பை தேறும், மற்றது தேறாது

ஆன்லைனில் 649 ரூபாய்க்கு வாங்கியது. நான்கு பச்சைப் பை, ஒரு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி, ஒரு கிலோ மண்புழு உரம், விதைப் பாக்கெட். தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடிக்கு மேலே மொட்டை மாடியில் கார்த்திகையில் விதைத்து, பங்குனி வரை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். டெலிவரி ஆன அன்றே ஐந்து ஸ்டார் போடுகிறவர்களை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

கோகோபீட்டைக் கழுவாமலே போடலாம் என்று அட்டையில் இருக்கிறது. நம்பாதீர்கள். ஊறவைத்துப் பிழிந்தால் டிகாஷன் நிறத்தில் வடிகிறது, நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு கரித்தது. எங்கள் போர் தண்ணீரும் உப்பு என்பதால் மெட்ரோ வாட்டரில் மூன்று தரம் அலசினேன். கீழ்வீட்டு அக்கா "குடிக்கிற தண்ணியில நாரு கழுவுறியா"ன்னு கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பையின் தையல் விடவில்லை, நிறம் லேசாக வெளுத்ததோடு சரி. ஆனால் அளவு 9 அங்குலம். தக்காளிக்குக் குறைந்தது 12க்கு 12 வேண்டும். காலையில் நிறைய ஊற்றினாலும் பதினோரு மணிக்கே இலை தொங்கிவிடும், சாயந்திரம் மறுபடி ஊற்றுவேன், இப்படிக் காய்ந்து நனைந்து காய்ந்ததில் முதல் காய்களின் அடிப்பக்கம் ஐம்பது பைசா அளவுக்குக் கறுத்து அமுங்கிப்போனது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தது வீண். தண்ணீர் சீராகக் கிடைக்காவிட்டால் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது, உரத்தில் இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டு செடியை மண்கட்டி உடையாமல் 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டுக்கு மாற்றினேன் (காயலான் கடையில் 60 ரூபாய், கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டேன்). அடுத்த கொத்தில் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை.

விதைப் பாக்கெட்டில் ரகத்தின் பெயரே இல்லை, பன்னிரண்டில் ஐந்துதான் முளைத்தது. கூடவே தனியாக வாங்கிப் போட்ட பிகேஎம் 1, அதாவது பெரியகுளத்து ரகம், காம்புப் பக்கம் பச்சை தங்கிப் பழுத்தது, ரசத்துக்கு நல்ல புளிப்பு.

உரம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் காசிமேட்டில் மீன் கழிவு வாங்கி வெல்லம் போட்டு மீன் அமிலம் பண்ணிக்கொண்டேன். தெருப் பூனைகள் எல்லாம் மாடியேறி வந்தன, அது கிட்டின் குற்றமில்லை.

இரண்டு ஸ்டார், அதுவும் பைக்காக. அந்தப் பைகளில் இப்போது புதினா இருக்கிறது, அருமையாக வருகிறது.